பன்னிரண்டாவது கதிரை

பெரிய வியாழன் மாலை. மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைக் கிராமம் ஒன்றின் சின்னக் கோயில். பீடத்துக்குக் கீழே பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பாதம் கழுவும் சடங்குக்கான கதிரைகள். பூசைக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. பதினொரு பேர் வந்து இருந்துவிட்டார்கள். பன்னிரண்டாவது கதிரைக்கு மட்டும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவர். போன வருடமும் அதில் இருந்தவர். மற்றவருடைய வாதம் வேறு: அந்த இடம் தகப்பன் காலத்திலிருந்தே தங்கள் வீட்டுக்கு உரியதாம். கோயிலுக்குள் என்பதால் குரல் உயரவில்லை. ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள்.

நான் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு சோடிக் கால்களும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவப்பட்டு வந்திருந்தன. சுவாமிக்குக் கழுவ அங்கே அழுக்கே இல்லை. ஒருவருடைய குதிக்காலில், பித்தவெடிப்பின் ஆழத்தில் மட்டும், வயற்சேறு கறுப்புக் கோடாகக் கிடந்தது.

இந்தக் காட்சி நற்செய்தியாளர் லூக்காவுக்குப் புதினமாக இருந்திராது. இயேசு சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் தன் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சொல்கிறார். அதே இராப்போசன மேசையில் சீடர்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் எழுந்ததை லூக்கா இருபத்திரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் தாழ்மைக்கான சடங்கும் இடத்துக்கான சண்டையும் பிறந்த நாளிலேயே ஒன்றாகப் பிறந்தவை என்று தெரியும்.

பெருமையின் கேட்டைப் பற்றிய விவிலியப் போதனை இந்த வாவிக்கரைக்கு வந்து நானூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628 இல். பத்தே ஆண்டில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1814 இல் மெதடிஸ்தர் வந்தார்கள். ஒவ்வொருவரும் இந்தப் போதனையைத் தங்கள் சொல்லில், தங்களுக்கு வசதியான கோணத்தில் சொன்னார்கள். கேட்டவர்களும் தங்களுக்கு வசதியான காதால் கேட்டார்கள். அந்தச் சொல்லலையும் கேட்டலையும் கொஞ்சம் கிளறிப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

*

இந்தப் பாவத்துக்குத் தமிழில் பெயர் வைப்பதே பெரும்பாடு. பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழில் முதலாவது ஆங்காரம். எங்கள் பாட்டிமார் அதோடு லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். ஆங்காரத்துக்கு எதிர்ப்புண்ணியம் தாழ்ச்சி. அடுத்த வளவில் இருந்த மெதடிஸ்த வீட்டில் பாவத்தின் பெயர் அகந்தை, மேட்டிமை. புண்ணியத்தின் பெயர் மனத்தாழ்மை. ஒரே தெரு, ஒரே வேதம், இரண்டு அகராதி.

சங்கடமான சொல் 'பெருமை'தான். திருக்குறளின் 98 ஆம் அதிகாரத்துக்குப் பெயரே பெருமை. அங்கே அது சான்றோரின் அணி. வள்ளுவர் கடிந்து ஒதுக்கச் சொல்லும் குற்றம் செருக்கு. அதை 44 ஆம் அதிகாரமான குற்றங்கடிதலின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார். ஆனால் புரட்டஸ்தாந்தர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், யாக்கோபின் நிருபத்தில், கடவுள் எதிர்த்து நிற்பது பெருமையுள்ளவர்களை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் "உன்னால எங்களுக்குப் பெருமை" என்று முதுகில் தட்டுவார். ஞாயிறு பாடசாலையில் அதே பிள்ளைக்குப் பெருமை பாவம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை குழம்பினால் குற்றம் பிள்ளையில் இல்லை.

1995 இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு இந்த முடிச்சைப் பல இடங்களில் அவிழ்த்தது. மரியாளின் பாடலில் சிதறடிக்கப்படுவோர் பழைய மொழிபெயர்ப்பில் அகந்தையுள்ளவர்கள், புதியதில் செருக்குள்ளவர்கள். யோவானின் முதலாம் நிருபத்தில் வரும் 'ஜீவனத்தின் பெருமை' புதியதில் 'செல்வச் செருக்கு' ஆயிற்று. எனக்கு இந்த மாற்றம் பிடிக்கும். அந்த இடத்துக் கிரேக்கச் சொல் வாழ்வையும் குறிக்கும், வாழ்வுக்கு ஆதாரமான உடைமையையும் குறிக்கும். ஓர் அதிகாரம் தள்ளி, வறியவனைக் கண்டும் மனமிரங்காத பணக்காரனின் உடைமையைச் சொல்ல அதே சொல் வருகிறது. 'ஜீவனத்தின் பெருமை' என்று கேட்டபோது யாரும் தன் நெற்பட்டறையைத் திரும்பிப் பார்த்ததில்லை. 'செல்வச் செருக்கு' என்றால் வயற்சொந்தக்காரப் போடியார் ஒருதரம் இருமுவார்.

பழைய மொழிபெயர்ப்பின் வரலாற்றில் ஒரு சுவையான இடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவலோடு இருந்து தமிழ் விவிலியத்தைத் திருத்தியவர் ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850 இல் அச்சேறியது. ஆணவ மலம் என்ன என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், அகந்தை பற்றிய வேதவசனங்களைத் தமிழாக்கும் மேசையில் இருந்திருக்கிறார். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் வெறும் தலைக்கனம் அல்ல. அது உயிரை அணுவாகச் சுருக்கி வைத்திருக்கும் முதல் மலம். தொடக்கம் இல்லாதது, செம்பில் களிம்புபோல் உடன் இருப்பது. கிறிஸ்தவ மரபில் செருக்கு ஒரு திரும்புதல்: நல்லதாகப் படைக்கப்பட்ட மனம் ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒன்று கூடப் பிறந்த நோய். மற்றது தானாகத் தேடிக்கொண்டது. மட்டக்களப்பில் கிறிஸ்தவனும் சைவனும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். ஆனாலும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நல்ல உரையாடல் இங்கே நடந்து நான் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறது.

எபிரேய மூலத்தைத் தோண்டினாலும் தமிழின் அதே இரட்டைமுகம் தெரிகிறது. 'காஓன்' என்ற சொல் மாட்சியையும் குறிக்கும், அகந்தையையும் குறிக்கும். எரேமியா 'யோர்தானின் காஓன்' என்பது ஆற்றோரத்துப் புதர்க்காட்டை; சிங்கம் பதுங்கும் அடர்த்தி அது. நமது வாவியின் கண்டல்காட்டை அப்படிச் சொல்லலாம். யோபு நூலில் சேற்று நிலமில்லாமல் நாணல் ஓங்குமா என்ற கேள்வி வருகிறது. ஓங்குதலுக்கு அங்கே வரும் வினையும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பன் வெட்டிப் பாய் இழைத்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கரையில் ஆளுயரம் நிற்கும் பன்னைப் பார்த்து யாரும் குறை சொல்வதில்லை. தண்ணீர் வற்றினால் மற்ற எந்தப் புல்லுக்கும் முன்னால் அது காயும் என்பதையே யோபின் சிநேகிதர் சொல்கிறார். உயர்வதில் பிழை இல்லை. எதில் வேர் நிற்கிறது என்பதே கேள்வி.

*

வேதாகமத்தை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வருபவருக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். செருக்குக் குற்றம் சாட்டப்படுபவர்களில் பெரும்பாலோர் அரசர்கள், நகரங்கள், பேரரசுகள். பாபேலின் கோபுரம், எகிப்தின் பார்வோன், மோவாப், அசீரியா. ஏசாயா பதினான்காம் அதிகாரத்தில் வானத்திலிருந்து விழும் விடிவெள்ளி பாபிலோன் அரசன். அது ஓர் அரசியல் வசைப்பாட்டு. பிற்காலத் திருச்சபைத் தந்தையர் அதைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தார்கள், லத்தீன் மொழிபெயர்ப்பின் 'லூசிபர்' என்ற சொல் அந்த வாசிப்புக்குப் பெயர் கொடுத்தது. லூதரும் கல்வினும் அதை ஏற்கவில்லை. எசேக்கியேல் 28 இல் வருபவன் தீரு நகரத்து அரசன்: கடல் நடுவே இருந்துகொண்டு, வாணிபத்தில் கொழுத்து, தன்னைத் தெய்வம் என்று நினைத்தவன். இன்னும் கூர்மையானது எசேக்கியேல் 16. சோதோமின் குற்றம் என்னவென்று அங்கே விளக்கம் வருகிறது. செருக்கு, வயிறு நிறைந்த சோறு, கவலையற்ற சுகம், ஏழையின் கையைப் பிடிக்காமை. நான்கையும் தீர்க்கதரிசி ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார். பெரும்போகத்தில் நெல் குவியும் ஊருக்கு இதைவிட நேரான வசனம் கிடைக்காது. ஆனால் அறுவடை நன்றிப் பூசையில் இதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிறகு இந்தப் போதனை அரண்மனையிலிருந்து மெல்ல மனத்துக்குள் குடியேறியது. அதற்கு ஒரு நூல் பெரிய காரணம்: சீராக்கின் ஞானம். கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிறது, மெதடிஸ்தர் கையிலுள்ள வேதாகமத்தில் இல்லை. அதன் பத்தாம் அதிகாரம் செருக்கையும் பாவத்தின் தொடக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அகுஸ்தீன் அந்த வரியைப் பிடித்துத்தான் ஆதாமின் வீழ்ச்சிக்குச் செருக்கு முந்தியது என்று கட்டினார். நான்காம் நூற்றாண்டுப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டபோது வீண்புகழையும் செருக்கையும் தனித்தனியாக வைத்திருந்தார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் செருக்கை எல்லாவற்றுக்கும் ஆணிவேராக்கி மற்ற ஏழையும் கிளைகளாக விட்டார். இதில் நமக்குப் பயன்படக்கூடியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தோமஸ் அக்குவைனாஸ் என்பது என் எண்ணம். அவர் செருக்கைக் கண்டிக்கும் அதே நூலில், பெரிய காரியத்துக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்ளும் பெருந்தகைமையை ஒரு புண்ணியமாக வைக்கிறார். வள்ளுவரின் 'பெருமை' அதிகாரத்தை அவர் வாசித்திருந்தால் தலையாட்டியிருப்பார். இந்தப் பாதி நம்முடைய பிரசங்கங்களுக்கு வந்து சேரவே இல்லை.

*

மட்டக்களப்பு வாவிக்கரையில் வில்லியம் ஓல்டுக்குச் சிலை இருக்கிறது. 1814 இல் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 'நாங்கள்தான் முதல்' என்று பழைய மாணவர்கள் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரிக்காரருக்கு அது கொஞ்சம் குத்தும். இதையெல்லாம் பாவக்கணக்கில் சேர்க்க நான் வரவில்லை. ஆனால் அந்த மிஷனின் பின்னால் இருக்கும் கதை, எங்கள் தலைப்புக்காகவே நடந்ததுபோல இருக்கிறது.

ஓல்டை அனுப்பிய பயணத்தின் தலைவர் டொக்டர் தோமஸ் கோக். வேல்ஸ்காரர், சிறிய உருவம், நிறையப் பணம், அடங்காத வேகம். 1784 இல் மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவுநர் ஜோன் வெஸ்லி அவரை அமெரிக்க மெதடிஸ்தருக்கு மேற்பார்வையாளராக நியமித்தார். அங்கே போனபின் கோக்கும் பிரான்சிஸ் அஸ்பரியும் 'பிஷப்' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்கள். மேரிலாந்தில் ஒரு கல்லூரி எழுப்பி, இரண்டு பேருடைய பெயரையும் ஒட்டி 'கோக்ஸ்பரி' என்று பெயரும் வைத்தார்கள். வெஸ்லிக்குப் பொறுக்கவில்லை. 1788 செப்டெம்பரில் அஸ்பரிக்கு எழுதிய கடிதத்தில் வயோதிபர் பொரிந்து தள்ளினார்: நான் சின்னவனாகப் பழகுகிறேன், நீங்கள் பெரியவராகப் பழகுகிறீர்கள், நான் பள்ளிக்கூடம் கட்டுகிறேன், நீங்கள் கல்லூரி கட்டி அதற்கு உங்கள் பெயரையே வைக்கிறீர்கள் என்ற பொருளில். பிஷப் என்று அழைக்கப்பட எப்படித் துணிந்தீர்கள் என்றும் கேட்டார். கல்லூரி 1787 இல் திறக்கப்பட்டது. 1795 இல் எரிந்துபோயிற்று.

கோக் அதோடு நிற்கவில்லை. 1813 இல், அறுபத்தைந்து வயதில், இந்தியாவுக்கு அங்கிலிக்கன் பேராயராகத் தன்னை நியமிக்கும்படி பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் வழியாக முயன்று பார்த்தார். கிடைக்கவில்லை. அதே ஆண்டில் மெதடிஸ்த மாநாட்டுக்குப் போய், இலங்கைக்கு மிஷனரிகளைக் கொண்டு போகிறேன், செலவு என்னுடையது என்று மன்றாடினார். பட்டம் கேட்ட மனிதரும் அவரே, சொந்தப் பணத்தைக் கொட்டி முதிய வயதில் கடலேறிய மனிதரும் அவரே. ஆண்டு முடிவில் கப்பல் புறப்பட்டது. 1814 மே 3 ஆம் திகதி காலை கப்பலறைக் கதவைத் திறந்தவர்கள் அவர் தரையில் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். அன்றே இந்து சமுத்திரத்தில் அடக்கம். கல்லறை இல்லை.

தலைவரை இழந்த இளைஞர்கள் ஜூன் இறுதியில் காலியில் இறங்கி, தங்களுக்குள் கூடி ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு இருவர், மாத்தறைக்கும் காலிக்கும் ஒவ்வொருவர், மட்டக்களப்புக்கு ஓல்ட் தனியே. பயணத்தின் தொடக்கத்திலேயே அவருடைய மனைவி கப்பலில் இறந்திருந்தார். இங்கே அவர் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி நோயில் இறந்தார். வாவிக்கரைச் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெஸ்லியின் கடிதம் நினைவுக்கு வரும். சின்னவனாகப் பழகு என்ற மனிதரின் பிள்ளைகளில் மிகச் சின்னதாக வாழ்ந்து போனவருக்கு நாம் பெரிதாகச் சிலை வைத்திருக்கிறோம். அது ஓல்டின் குற்றம் அல்ல. கோக்கின் வழக்கில் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. செருக்கையும் தியாகத்தையும் ஒரே ஆளில் இருந்து பிரித்தெடுக்கும் கத்தி எந்தப் பிரசங்கியிடமும் இல்லை.

கத்தோலிக்கப் பக்கத்தில் 1890 களில் வந்த பிரெஞ்சு யேசுசபையாரும், பின்னால் வந்த அமெரிக்க யேசுசபையாரும் வேறொரு மருந்து கொண்டுவந்தார்கள். சபையின் நிறுவுநர் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சியில் 'இரு கொடிகள்' என்றொரு தியானம். எதிரி மனிதரை இழுக்கும் வழி மூன்று படி: முதலில் செல்வம், அதன் வழியே உலக மரியாதை, அதன் வழியே செருக்கு. சபைக்குள் உயர்ந்த வார்த்தைப்பாடு கொடுப்பவர் திருச்சபைப் பதவிகளைத் தேடுவதில்லை என்றும் வாக்குக் கொடுப்பார். அந்த வரிசையில் வந்த அருட்தந்தை இயூஜின் ஹீபர்ட் இங்கே பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை தடயமில்லை.

*

வெளியே இருந்து வந்தவர்கள் சொன்னது இப்படி. கேட்ட சமூகம் எப்படிப்பட்டது?

மட்டக்களப்புத் தேசம் குடிகளால் ஆனது. தாய்வழியில் குடி இறங்கும். கோயிலின் பொறுப்பாளரான வண்ணக்கர் யார், எந்தக் குடிக்கு முதலில் காளாஞ்சி கொடுப்பது என்பதெல்லாம் வரிசைப்படி. காளாஞ்சி என்றால் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். விலை பார்த்தால் ஒன்றுமில்லை. வரிசை பிசகினால் திருவிழாவே நின்றுபோகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் அக்கரைப்பற்றில் தங்கி இந்த வரிசைகளை எழுதினார். 2008 இல் வந்த அவருடைய பெருநூலில் இது நிறையப் பேசப்படுகிறது. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இலேயே இந்த உலகத்தை உள்ளிருந்து காட்டியிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். வெளியாளுக்கு வரிசை தெரிகிறது, உள்ளாளுக்கு அதன் வலியும் தெரிகிறது.

கிறிஸ்தவனானவன் குடியைக் கழற்றி வாவியில் எறிந்துவிட்டு வரவில்லை. காளாஞ்சியின் இடத்தை முன் வாங்கு எடுத்துக்கொண்டது. கொடியேற்றத்தில் கயிறு பிடிப்பது எடுத்துக்கொண்டது. மின்விசிறியின் மூன்று இதழிலும் எழுதப்பட்ட உபயகாரர் பெயர் எடுத்துக்கொண்டது. விசிறி சுற்றினால் பெயர் தெரியாது. அதனால் பூசை தொடங்கும்வரை அதைப் போடாமல் வைத்திருந்த ஒரு கோயில் எனக்குத் தெரியும். லூக்கா பதினான்கில் இயேசு விருந்து வீட்டில் முதலிடம் பிடிப்பவர்களைப் பார்த்து ஓர் உவமை சொல்கிறார்: கடைசி இடத்தில் போய் இரு, வீட்டுக்காரன் வந்து மேலே கூப்பிடுவான் என்று. இதை நம்மவர் மிக நுட்பமாகப் புரிந்துகொண்டார்கள். இப்போது கலியாண வீட்டில் பெரிய மனிதர் வேண்டுமென்றே கடைசிக் கதிரையில் போய் இருப்பார். மாப்பிள்ளை வீட்டார் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுபோகும்வரை எழும்ப மாட்டார். இழுக்க ஆள் வராவிட்டால் சோறு தொண்டையால் இறங்காது.

இன்னொரு வகைப் பெருமை பிறப்பு. ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று சொல்ல வேண்டாம், இந்தக் கற்களிலிருந்தும் கடவுள் பிள்ளைகளை எழுப்புவார் என்று யோவான் ஸ்நானகன் அடித்த அடி அதற்குத்தான். 1908 இல் கொழும்பில் ஒல்லாந்த பறங்கியர் சங்கம் அமைந்தபோது உறுப்புரிமைக்குத் தகப்பன்வழி வம்சாவளி காட்ட வேண்டியிருந்தது. தச்சும் கொல்லும் செய்து, வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி வாழ்ந்த மட்டக்களப்புப் பறங்கியர் அந்தக் கதவுக்கு வெளியே. அவர்கள் அதை நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. வயலினும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமுமாகக் கலியாணம் நடத்தினார்கள்.

*

இங்கே ஒரு முறைப்பாட்டையும் பதிய வேண்டும். அரசர்களை நோக்கி எறியப்பட்ட கல், வர வர வேலைக்காரனின் தலையில் விழத் தொடங்கிற்று. பெருமை கூடாது என்ற பிரசங்கத்தை நம் கோயில்களில் அதிகம் கேட்பவர்கள் பெண்களும் கூலிக்காரரும். நகை போடாதே, பூ வைக்காதே, எதிர்த்துப் பேசாதே. போடியாரின் களத்தில் இந்தப் பேச்சு எழுவதில்லை.

வெளியுலகில் இதைத் தெளிவாகக் கேட்டவர் அமெரிக்க இறையியலாளர் வலரி செய்விங். ரைனோல்ட் நீபரைப் போன்றோர் செருக்கே மூலப்பாவம் என்று எழுதிவந்த காலத்தில், 1960 இல், அது ஆணின் அனுபவத்திலிருந்து பிறந்த இறையியல் என்று அவர் ஒரு கட்டுரையில் சொன்னார். மற்றவருக்காகத் தேய்ந்து தேய்ந்து தன்னையே இழக்கும் பெண்ணுக்குச் சோதனை வேறு. அவளிடம் போய் உன்னை இன்னும் குறைத்துக்கொள் என்பது நோயைக் கூட்டும். 1980 களில் எழுந்த தலித் இறையியல் இதையே சாதிக்கு நேராகத் திருப்பியது. மதுரையில் தியோப்பிலஸ் அப்பாவு சேரிப் பாட்டின் மெட்டில் அதைப் பாடியே காட்டினார். தாழ்த்தப்பட்டவனிடம் தாழ்மையைப் போதிக்க எத்தனை துணிச்சல் வேண்டும் என்பதுதான் சாரம். தமிழில் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே வேர் என்பது நமக்கு உறைக்க வேண்டும்.

போர்க்காலத்தில் காணாமற்போன மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்கிய தாய்மார் இந்த வாவியின் இரு கரையிலும் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி, அதிகாரியின் மேசைக்கு முன்னால் கதிரை கொடுக்கும்வரை பேசமாட்டேன் என்று நின்றதாகச் சொன்னாள். "நான் பிச்சைக்கு வரல்ல, பிள்ளையத் தேடி வந்தநான்" என்றாளாம். இது பெருமையா? லூக்கா பதினெட்டில் பரிசேயனும் ஆயக்காரனும் செபிக்கப் போன கதையை எல்லாரும் அறிவோம். தாழ்மைக்கு அதுதான் எங்கள் பாடப்புத்தகம். அதற்கு நேர் முந்திய கதையில், நீதி கேட்டு நீதிபதியை ஓயவிடாமல் வாட்டும் விதவை நிற்கிறாள். லூக்கா அவளை முதலில் நிறுத்திவிட்டுத்தான் ஆயக்காரனைத் தலைகுனியச் சொல்கிறார். நாம் இரண்டாவதை மட்டும் கிழித்தெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் கடல் வீடுகளை வழித்துக்கொண்டு போயிருந்தது. நிவாரணப் பொதிகளோடு வந்த சிலர், இது ஊரின் அகந்தைக்கு விழுந்த அடி என்று கூடாரங்களில் பேசினார்கள். யோபுவிடம் அவன் சிநேகிதரும் எலிகூவும் பேசியது இதைத்தான். அந்தச் சிநேகிதர் மூவர்மேலும் கடவுள் கோபம் கொள்வதாக நூல் முடிகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவரைவிடப் பாவிகளா என்று இயேசுவும் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களை அவர்கள் புரட்டியதாகத் தெரியவில்லை.

இலங்கை இறையியலாளர் இருவர் செருக்கு வழக்கில் திருச்சபையையே கூண்டில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தர் டி. ரி. நைல்ஸ், நற்செய்தி சொல்பவனை, சோறு கிடைக்கும் இடத்தை இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்லும் பிச்சைக்காரனாக வருணித்தார். யேசுசபையைச் சேர்ந்த அலோசியஸ் பீரிஸ், யோர்தானில் யோவானின் முன்னால் இயேசு குனிந்ததுபோல ஆசியச் சமயங்களின் முன்னும் ஏழைகளின் முன்னும் திருச்சபை குனிந்து முழுக்குப் பெற வேண்டும் என்று எழுதினார். இரண்டு பேரையும் உலகம் நிறைய மேற்கோள் காட்டுகிறது. இங்கே பிரசங்க மேடைகளில் அவர்கள் அரிதாகவே கேட்கிறார்கள்.

*

செருக்கை மட்டக்களப்பான் உண்மையில் எங்கே படித்தான் என்று கேட்டால், நான் கூத்துக் களரியைத்தான் காட்டுவேன். வடமோடியில் அரசன் வரவு ஒரு தனி ஆட்டம். கரப்புடுப்பு இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும், தலையில் கெருடம் கனக்கும். தன் நாட்டையும் தோள்வலியையும் தானே பாடிக்கொண்டு வட்டக்களரியைச் சுற்றி வருவான். மாடியில் உலாவிக்கொண்டு இது நான் கட்டிய பாபிலோன் அல்லவா என்று சொல்லும் நேபுகாத்நேச்சார் அப்படியே ஒரு வடமோடி அரசன். அடுத்த கணம் மாடுபோல் புல் மேயப் போகிறான். பேராசிரியர் சி. மௌனகுரு அண்மைக் காலத்தில் மீண்டும் மேடையேற்றிய 'இராவணேசன்' பார்த்தவர்களுக்குத் தெரியும், நம்மவர் அந்த அரசனை வெறுப்பதில்லை. விழப்போகிறவன் என்று தெரிந்தே அவனுடைய மிடுக்கை ரசிக்கிறோம். விழும்போது கண் கலங்குகிறோம். எசேக்கியேலும் தீரு அரசனுக்கு வசை பாடியதோடு நிற்கவில்லை, ஒப்பாரியும் பாடினார்.

விடியப்புறம் கூத்து முடிந்து, ஒப்பனைக் கொட்டிலில் கெருடத்தைக் கழற்றியபின் அரசனைப் பார்த்திருக்கிறேன். நெற்றியில் கயிறு இறுகிய சிவப்புத் தடம். ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டு, மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை. "இண்டைக்கு வட்டைக்குப் போகோணும், மறுகாத்தான் நித்திரை" என்றார்.

*

அந்தப் பெரிய வியாழனில் சுவாமி வந்து இருவரையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது கதிரையின் வெள்ளைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதிரையைத் தானே தூக்கிப் பக்கச் சுவரோரம் வைத்தார். பதினொரு பேரின் கால்களைக் கழுவி, அதே துணியால் துடைத்தார். வெடிப்புக்குள் இருந்த சேறு துணியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பின்னால் இருந்த கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பொடியனிடம் சொன்னாள்: "அது யூதாசுட கதிரையாக்கும் மனே. அதுக்கா இவ்வளவு புடுங்கல்?"

இருவரும் போய் ஒரே வாங்கில் இருந்தார்கள். பூசை முடியும்வரை அவர்களுக்கு நடுவே இன்னொருவர் இருக்கும் அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது.